யாருடைய 27.9?

என் கட்டுரையின் முதல் வரைவைத் திருப்பித் தந்தபோது விரிவுரையாளர் அதில் அதிகம் எழுதியிருக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஓர் எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "யாருடைய 27.9?"

ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறக் காத்திருந்தபோது அதைப் பார்த்தேன். எரிச்சலாக வந்தது. அதே வரியில் "சிங்கப்பூர்த் தமிழர்" என்று எழுதித்தானே இருக்கிறேன், அது கண்ணில் படவில்லையா என்று நினைத்தேன். ரயில் செம்பவாங் வருவதற்குள் அந்த எரிச்சல் பயமாக மாறிவிட்டது. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். நான்தான் படிக்காமல் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வயது 39. துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள்: மகன் உயர்நிலை 1, மகள் தொடக்கநிலை 5. பலதுறைத் தொழிற்கல்லூரியோடு நின்றுபோன படிப்பைத் தொடரலாம் என்று பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. மூன்றாம் பருவத்தில் ஒரு சமூகவியல் பாடம் எடுத்தேன். அதில் 2,500 சொற்களில் ஆங்கிலத்தில் ஒரு வாதக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம், ஆறு வாரம் அவகாசம், மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு.

தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது சலுகை போலத் தெரியும். உண்மையில் அதுதான் குழி. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்று நம்பி, சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் தமிழ் அழிந்துவருகிறது, அதற்குக் காரணம் பெற்றோரின் அலட்சியம் என்று எழுதக் கிளம்பினேன். தமிழ் மொழி விழா மாதமான ஏப்ரலில் எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கும். இரண்டே இரவில் எழுதி முடித்தேன். அவ்வளவு சுலபமாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் வைத்த சான்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2010-இல் 36.7 விழுக்காடு, 2020-இல் 27.9 விழுக்காடு. பத்தே ஆண்டில் இவ்வளவு சரிவு. எண்கள் இரண்டும் சரியானவை. புள்ளிவிவரத் துறையின் அறிக்கையிலேயே இருக்கின்றன. ஆனால் நான் எழுதிய வாக்கியம் இது: "இன்று 27.9 விழுக்காட்டுச் சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் மட்டுமே தமிழ் பேசப்படுகிறது." இந்த ஒரே வாக்கியத்தில் எத்தனை தவறு என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். அறிக்கை சொல்வது வீடுகளை அல்ல, ஆட்களை. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை. அதிலும் தமிழர்களை அல்ல, இந்தியர் என்று வகைப்படுத்தப்பட்ட எல்லோரையும். மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, சிந்தி, தெலுங்கர் எல்லோரும் அதில் அடக்கம். "மட்டுமே தமிழ் பேசப்படுகிறது" என்பதும் தவறு. கேள்வி, வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி எது என்பது. இரண்டாவதாகப் பேசும் மொழி அந்த 27.9-இல் வராது.

ஒரு பஞ்சாபிக் குடும்பம் வீட்டில் தமிழ் பேசவில்லை என்று நான் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியைக்கூடக் கணக்கில் ஏற்ற மாட்டேன். ரசீது இருந்தாலும் தேதி, பெயர், எந்தப் பொருளுக்கு என்று மூன்றையும் பார்ப்பேன். அதே ஆள் கட்டுரை என்று வந்ததும் எண்ணை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அட்டவணையின் தலைப்பையும் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பையும் படிக்காமல் எந்த எண்ணையும் கட்டுரைக்குள் விடக்கூடாது என்பதை அன்று முடிவு செய்தேன். இப்போதெல்லாம் குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதினால் அதே வரியில் யார், எந்த வயது, எந்த ஆண்டு, என்ன கேள்வி என்று நான்கையும் எழுதிவிடுகிறேன். 2020 கணக்கெடுப்பில் மொழி விவரம் எல்லா வீடுகளிலும் கேட்டதல்ல, ஏறத்தாழ 1,50,000 வீடுகளை மாதிரியாக எடுத்துக் கேட்டது என்பதும் அப்படிச் சின்ன எழுத்தைப் படித்ததால் தெரிந்ததுதான்.

விரிவுரையாளரிடம் 15 நிமிட ஆலோசனை நேரம் வாங்கியிருந்தேன். அவர் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தார். ஒன்றில் என் கூற்று, ஒன்றில் என் சான்று. நடுவில் ஒரு காலிக் கட்டம். ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ ஆய்வாளர் 1958-இல் முன்வைத்த முறை இது என்றார். அந்த நடுக்கட்டத்துக்கு டூல்மின் வைத்த 'வாரன்ட்' என்ற ஆங்கிலப் பெயருக்கு அகராதியில் ஆணை, பிடியாணை என்றெல்லாம் போட்டிருக்கிறது. என் குறிப்பேட்டில் நான் 'பாலம்' என்று எழுதிக்கொண்டேன். சான்றிலிருந்து கூற்றுக்கு நாம் எந்த நம்பிக்கையின் மேல் நடந்து போகிறோமோ அதுதான் அந்தக் கட்டம்.

"தமிழை ஆக அதிகமாகப் பேசுவோர் குறைந்திருக்கிறார்கள் என்பது உங்கள் சான்று. பெற்றோர் அலட்சியமாக இருக்கிறார்கள் என்பது உங்கள் கூற்று. நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். அதிகம் பேசாத மொழி அழிந்துபோகும் என்பது ஒரு பாலம். பேசாததற்குக் காரணம் அக்கறை இல்லாமைதான் என்பது இன்னொரு பாலம். இரண்டையும் நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதாததால்தான் அவை எவ்வளவு ஆட்டம் காண்கின்றன என்று எனக்கே தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளியில் கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்ற வரிசையில் பத்தி எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். சிங்கப்பூரில் படித்தவர்களுக்கு அது தூக்கத்திலும் வரும். நல்ல முறைதான். ஆனால் அந்த 'விளக்கம்' என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் சான்றையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பாலம் போட வேண்டிய இடம் அதுதான் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள், நான் கவனித்திருக்க மாட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் ஒரு சோதனை செய்தேன். கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் நாம் என்ன சொல்வோம்? அத்தை, அதாவது என் மாமியார், யோசிக்கவே இல்லை. "தமிழ்தான், வேற என்ன?" என்றார். என் கணவர் "பிள்ளைங்ககிட்ட இங்கிலீஷ்தானே பேசுறோம்" என்றார். மகள் தலையை நிமிர்த்தாமல் "இங்கிலீஷ்" என்றாள். மகனும் அதேதான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அத்தையிடம் தமிழ், கணவரிடம் பாதிக்குப் பாதி, பிள்ளைகளிடம் கோபம் வந்தால் தமிழ், வீட்டுப்பாடம் என்றால் ஆங்கிலம். ஐந்து பேர், ஒரே சாப்பாட்டு மேசை, கணக்கெடுப்பில் மூன்று பேர் ஆங்கிலம், ஒருவர் தமிழ், ஒருவர் முழிக்கிறார். என் முதல் வரைவின்படி எங்கள் வீடு தமிழைக் கைவிட்ட வீடு. அத்தையிடம் அதைச் சொல்லிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இந்தச் சோதனையை நான் கட்டுரையில் சேர்க்கவில்லை. ஒரு வீட்டு அனுபவம் சான்றாகாது. ஆனால் எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று அது காட்டியது. சொந்த அனுபவத்துக்கு அந்த வேலை போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அறிக்கைகளை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இது எனக்குப் பிடித்த வேலை. 2000-இல் இந்தியரில் 42.9 விழுக்காட்டினர் வீட்டில் தமிழை ஆக அதிகமாகப் பேசினார்கள். 2010-இல் 36.7. ஆனால் அதே பத்தாண்டில் இந்தியரிடையே தமிழர்களின் பங்கும் சுமார் 58-இலிருந்து 54 விழுக்காடாக இறங்கியிருந்தது. இந்தியாவின் மற்ற மாநிலங்களிலிருந்து நிறையப் பேர் வந்து குடியேறிய காலம் அது. 42.9-ஐ 58-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 74. 36.7-ஐ 54-ஆல் வகுத்தால் 68. அதாவது, தமிழ் பேசுவோர் எல்லோரும் தமிழரே என்று வைத்துக்கொண்டால், தமிழர்களுக்குள் 74-இலிருந்து 68-க்கு இறக்கம். இறக்கம் இருக்கிறது. ஆனால் நான் ஒப்பாரி வைத்த அளவுக்கு இல்லை. சரிவின் ஒரு பகுதி யாரும் மொழியை மாற்றிக்கொண்டதால் வரவில்லை, பகுக்கும் எண் மாறியதால் வந்தது.

இது தோராயக் கணக்கு. மேலே இருக்கும் எண் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது, கீழே இருப்பது எல்லா வயதினருக்கும். கட்டுரையில் அதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுதினேன். ஓட்டையை நாமே காட்டிவிட்டால் படிப்பவர் நம்மை நம்பத் தொடங்குகிறார் என்பது அப்போது புரிந்தது. மறைத்தால் ஒரு வட்டமும் ஒரு கேள்வியும் வரும்.

இப்போது பழைய கூற்று செத்துவிட்டது. இரண்டு வாரம் போச்சு, மிச்சம் நான்கு. புதிதாக என்ன சொல்வது? முதலில் "பெற்றோர் பிள்ளைகளிடம் தமிழில் பேச வேண்டும்" என்று எழுதிப் பார்த்தேன். இதை யார் எதிர்ப்பார்கள்? எதிர்க்க ஆளில்லாத ஒன்றுக்கு எதற்கு 2,500 சொற்கள்? அது வாழ்த்துரை. அப்புறம் "சிங்கப்பூரில் தமிழின் நிலை" என்று ஒன்று. அது கூற்றே அல்ல, வெறும் தலைப்பு. ரயிலில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் ஒரு வாக்கியத்தை அடித்து, அதற்குக் கீழே "இல்லை, ஏனென்றால்..." என்று எதிராளியின் வாக்கியத்தைத் தொடங்கிப் பார்ப்பேன். எதிராளிக்குச் சொல்ல ஒன்றும் வராவிட்டால் என் வாக்கியத்தை அழித்துவிடுவேன். நாலைந்து நாளில் இப்படி ஒன்று தேறியது: பள்ளித் தமிழ்ப் பாடம், வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் பிள்ளையைத்தான் வழக்கமான மாணவராகக் கொண்டு திட்டமிடப்பட வேண்டும்.

இதை எதிர்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் வைத்துக்கொண்டேன்.

கூற்று கூர்மையானதும் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தானாகவே குறுகிவிட்டது. அதுவரை 'தமிழ்', 'சிங்கப்பூர்', 'மொழி' என்று தேடினால் ஆயிரம் வந்து விழும். இப்போது எனக்கு மூன்று விஷயம்தான் தேவை. வகுப்பில் உண்மையில் யார் இருக்கிறார்கள், கல்வி அமைச்சு இதுவரை என்ன மாற்றியிருக்கிறது, மாற்றத்தை எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள். முதலாவதற்குக் கணக்கெடுப்பு இருந்தது. வீட்டில் ஆங்கிலமே ஆக அதிகமாகப் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியையும் பேசுகிறார்கள் என்று 2020 அறிக்கையில் இருந்தது. ஆங்கில வீடு என்றால் தமிழ் இல்லாத வீடு என்று பொருளல்ல என்று காட்ட இதைவிட நல்ல எண் கிடைக்காது என்று துள்ளினேன். கூடவே இன்னொன்று: இந்திய மொழிகளில் தமிழ் தவிர வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஐந்தைப் பள்ளிப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். மலையாளமும் தெலுங்கும் அதில் இல்லை. ஆகவே அந்தக் குடும்பங்களில் கணிசமானவை தமிழையோ இந்தியையோ எடுக்கின்றன. தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தமிழ் வீட்டு மொழி அல்ல என்பதற்கு இதுவே போதும்.

இரண்டாவதற்கு 2005-இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் பரிந்துரைகள். வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது அந்தக் குழு. பிறகு 2010 தாய்மொழிகள் மறுஆய்வுக் குழு அறிக்கை. பிள்ளைகள் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள், அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. இவை இரண்டும் இணையத்தில் கிடைக்கும். மற்றவற்றுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். ஏழாம் மாடியிலிருந்து மேலே இருப்பது லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே உள்ள புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. இரவல் கிடையாது என்பதே எனக்கு நல்லதாகப் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்த புத்தகங்கள் மேசையில் கிடக்கும். அங்கே உட்கார்ந்தால் படித்தே ஆக வேண்டும்.

படித்தேன், ஆனால் எதை? நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. 1935-இல் தொடங்கிய பத்திரிகை. ஒரு சனிக்கிழமை முழுவதும் அதில் மூழ்கிப் போனேன். சினிமா விளம்பரம், சங்கக் கூட்ட அறிவிப்பு, வாசகர் கடிதம். அப்படியே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பக்கம் போனேன். 1946-இல் தொடங்கி 1982-இல் மூடப்பட்ட பள்ளி, கடைசித் தமிழ்ப் பள்ளி. உணர்ச்சி பொங்க ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவும் இருந்தது. என் கூற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு வெட்டும்போது வலித்தது. அந்த ஒன்றரைப் பக்கம் இன்னும் ஒரு கோப்பில் கிடக்கிறது, வேறெதற்காவது ஆகும்.

குறிப்பு எடுப்பதில் நான் பட்ட அவதியைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் பிடித்த வரிகளை எல்லாம் கைப்பேசியில் படம் பிடித்தேன். பக்க எண் வராமல் படம் பிடித்திருக்கிறேன். எந்தப் புத்தகம் என்றும் தெரியவில்லை. ஒரே ஒரு மேற்கோளின் பக்க எண்ணுக்காக மறுபடியும் சிட்டி ஹால் வரை ரயிலில் நூலகத்துக்குப் போய் வந்தேன். அதன்பின் நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நூல் சொல்வது, வலப்பக்கம் எனக்குத் தோன்றுவது. மேலே முதலில் பக்க எண், அப்புறம்தான் மற்றதெல்லாம். நூலின் வரியை அப்படியே எழுதினால் மேற்கோள் குறி கட்டாயம். இதைச் செய்யாவிட்டால் மூன்று வாரம் கழித்து எது அவர் சொன்னது, எது நான் சொன்னது என்று நமக்கே தெரியாது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு மட்டும் தெரியும்.

என் வகுப்புத் தோழர் ஒருவர் குறுக்கு வழியாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் ஆதாரம் கேட்டார். தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு ஐந்து கட்டுரைகளைத் தந்தது. தேடிப் பார்த்ததில் மூன்று இந்த உலகத்திலேயே இல்லை. நல்லவேளை, தேடிப் பார்த்தார்.

தமிழ்ப் பெயர்களைக் குறிப்பிடுவது தனித் தலைவலி. எங்கள் துறையின் விதிப்படி குடும்பப் பெயர் முன்னால், மற்றதன் முதலெழுத்து பின்னால். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து மென்பொருள் முன்னால் தூக்கிப் போட்டுவிடும். இன்னார் மகன், இன்னார் மகள் என்று எஸ்/ஓ, டி/ஓ போட்ட பெயர் என்றால் அந்த 'ஓ'வே ஒரு பெயராகிவிடும். முதல் வரைவில் நான் மேற்கோள் காட்டியதாகத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஆய்வாளர்களின் அப்பாக்கள். மென்பொருள் தந்த பட்டியலை ஒவ்வொரு வரியாகக் கையால் திருத்தினேன். அந்த ஆய்வாளர் தன் மற்றக் கட்டுரைகளில் எந்தப் பெயரை முன்வைக்கிறார் என்று பார்த்து, அதையே எல்லா இடத்திலும் வைத்துக்கொண்டேன்.

இனி எதிராளி. இதில்தான் அதிக நேரம் போனது.

நாம் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். அதில் எதிரணி என்று தனியாக ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் சொன்னதில் ஆக பலவீனமான வரியைப் பிடித்துக் கிண்டல் செய்தால் அரங்கம் சிரிக்கும், நடுவரும் சிரிப்பார். என் இரண்டாம் வரைவில் நான் அதைத்தான் செய்தேன். "சிலர் பழைய முறையே சிறந்தது என்கிறார்கள்" என்று ஒரு வரி, அதை அடித்து நொறுக்க ஒரு பத்தி. அந்தச் 'சிலர்' யார் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நானே வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து நானே குத்தியிருக்கிறேன். கட்டுரையில் எதிரணி மேடைக்கு வராது. நாம்தான் போய் அழைத்துவர வேண்டும், அதுவும் அந்த அணியின் ஆகச் சிறந்த பேச்சாளரை.

எனக்கு அந்தப் பேச்சாளர் அலுவலகச் சாப்பாட்டு அறையில் கிடைத்தார். திருச்சியிலிருந்து வந்து எட்டு வருடமாக எங்களோடு வேலை செய்பவர். வீட்டில் முழுக்கத் தமிழ். என் கூற்றைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, அப்ப என் பையன் என்ன பண்ணுவான்? இப்பவே கிளாஸ்ல சும்மாதான் உக்காந்திருக்கான். எல்லாம் தெரிஞ்ச பாடம். நீங்க இன்னும் ஈஸி ஆக்கச் சொல்றீங்க. வீட்டுல கஷ்டப்பட்டுத் தமிழ் பேசுறவங்களுக்கு அப்ப என்ன மரியாதை?"

நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. இதே வாதம் வேறு வடிவில் நூல்களிலும் இருந்தது. தரம் தாழும், தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் தேங்கிப் போவார்கள், வருங்காலத் தமிழாசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள். கட்டுரையில் அந்த நூல்களைத்தான் மேற்கோள் காட்டினேன். ஆனால் எழுதும்போது என் எதிரே உட்கார்ந்திருந்தவர் இவர்தான். ஒரு வாரம் யோசித்தும் அவருக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. அதனால் கூற்றைத்தான் திருத்தினேன். பொது வகுப்புக்கு ஆங்கில வீட்டுப் பிள்ளையே அளவுகோலாக இருக்கட்டும், அதோடு உயர்தமிழ் என்ற கூடுதல் கடினமான பாடத்தை எடுக்கும் வாய்ப்பு இப்போது இருப்பதைவிட விரிவாக்கப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். எதிராளியால் என் கூற்று சுருங்கியது, அதே சமயம் கெட்டியானது. டூல்மின் படத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு, 'இன்ன சூழ்நிலை தவிர' என்று வரம்பு சொல்லும் கட்டம். முதலில் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்துபோய் மாமாவின் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். மாமனார் தமிழாசிரியராக இருந்தவர், காலமாகி ஆறு வருடம் ஆகிறது. பழைய நன்னூல் பதிப்பு. பாயிரத்தில் நூலாசிரியர் ஒருவர் கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளை ஏழாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று, பிறர்தம் மதமேற்கொண்டு களைவு. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு நீக்குதல். மாமா அதன் கீழே மையால் கோடு போட்டிருந்தார். அதை எழுதிய பவணந்தி முனிவரின் காலம் 13-ஆம் நூற்றாண்டு. நான் கட்டணம் கட்டி மாலை வகுப்புக்குப் போய்க் கற்றது எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அத்தை அதைச் சொல்லிக்காட்டவும் தவறவில்லை.

அதே பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களும் இருக்கின்றன. மூன்றாம் வரைவைத் திருத்த நான் பயன்படுத்தியது அந்தப் பட்டியலைத்தான். வரைவை அச்சடித்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதினேன். பிறகு பத்தியைப் படிக்காமல் ஓரத்து வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். நான்கும் ஏழும் ஒன்றையே சொல்லின, கூறியது கூறல். ஐந்தாவது உமறுப் புலவர் பள்ளி, மற்றொன்று விரித்தல். கடைசிப் பத்தி, இரவு இரண்டு மணிக்கு எழுதியது, போகப்போக வலுவிழந்து முடியும் சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு இலக்கணமாக இருந்தது. ஒரு பத்திக்கு ஓரத்தில் எழுத வாக்கியமே வரவில்லை. அதை அப்படியே தூக்கிவிட்டேன், யாருக்கும் எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம் வினைச்சொற்களைப் பார்த்தேன். 'நிரூபிக்கிறது' என்று எழுதிய இடங்கள் ஒன்பது. அவற்றில் உண்மையில் எதையாவது நிரூபித்த இடம் ஒன்றுகூட இல்லை. 'சுட்டுகிறது', 'ஒத்துப்போகிறது', 'ஐயத்தை எழுப்புகிறது' என்று ஒவ்வொன்றையும் சான்று தாங்கும் எடைக்கு இறக்கினேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வேலையை நான் தமிழில்தான் செய்தேன். ஒவ்வொரு பத்தியையும் அத்தைக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அவர் "அதுக்கு?" என்று கேட்டால் பாலம் இல்லை. "யார் சொன்னா?" என்று கேட்டால் சான்று இல்லை. பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அந்தப் பத்தி தேறிவிட்டது.

கெடு நாளன்று இரவு 11.40-க்குச் சமர்ப்பித்தேன். கெடு 11.59. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, மேற்கோள் பட்டியலை மட்டுமே திருத்த ஒரு மாலை முழுவதும் வேண்டும் என்று நான் கணக்குப் போடவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. பி பிளஸ். எதிர்வாதப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி இருந்தது. தோராயக் கணக்குக்கு அருகில் 'நேர்மை' என்று எழுதியிருந்தார். நான்காம் பக்கத்தில், வீட்டில் ஆங்கிலம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் இரண்டாவதாகத் தாய்மொழியும் பேசுகிறார்கள் என்று நான் துள்ளிக்கொண்டு எழுதியிருந்தேனே, அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். அந்த எண் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இந்த நாட்டுவாசிகள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னது. நான் அதைத் தமிழ் வீடுகளுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் என்ன எழுதியிருந்தார் என்று படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.